பிரிஸ்பேனுக்கு வடக்கே மலையும் மழைக்காடும்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சன்ஷைன் கோஸ்ட் என்றதும் எல்லோரும் கடற்கரைக்குத்தான் கிளம்புகிறார்கள். அங்கிருந்து மேற்கே அரை மணி நேரம் கார் ஓட்டினால் பிளாக்கால் மலைத்தொடர் வந்துவிடும். மழைக்காடு, அருவி, பால்பண்ணைச் சரிவுகள், சின்னச் சின்ன ஊர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பிரிஸ்பேனிலிருந்து காலையில் போய் இரவே திரும்புகிறவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் இரண்டு இரவாவது தங்குங்கள். முதலில் மலைகளைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அவை யாருடையவை என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு ஏறுங்கள். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் முதல் மார்ச் வரை கனமழைக் காலம். பாதைகள் வழுக்கும், சில மூடப்படும். மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும், நடக்கவும் சுகம். அருவியில் தண்ணீரும் வேண்டும், வெயிலும் உறுத்தக் கூடாது என்றால் மே, ஜூன் மாதங்களே சரி. மலைமேல் இரவுக் குளிர் நன்றாகவே உறைக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளன்று குயின்ஸ்லாந்து தேசியப் பூங்காக்களின் இணையதளத்தில் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: ஒரே ஊரில் தங்குங்கள்

மலேனி அல்லது மான்ட்வில், இரண்டில் ஒன்று போதும். இரண்டும் மலைமேல்தான், இடையே மலைமுகட்டிலேயே சாலை ஓடுகிறது. பிரிஸ்பேனிலிருந்து மலேனிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். லேண்ட்ஸ்பரோ வரை ரயிலிலும் வரலாம், ஆனால் அருவிகளுக்கும் பாதைத் தொடக்கங்களுக்கும் போக வாடகைக் கார் இல்லாமல் சிரமம். நம் ஊரைப் போலவே அங்கும் இடதுபக்க ஓட்டம்தான். மாலை மங்கிய பிறகு மட்டும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கங்காருக்களும் அவற்றின் சிறிய உறவான வாலபிகளும் சாலைக்கு வரும் நேரம் அது.

படி 3: முதல் காலை, மேரி கெய்ர்ன்கிராஸ் காப்பகம்

மலேனிக்குப் பக்கத்திலுள்ள இந்த 55 ஹெக்டேர் மழைக்காடு தொடக்கக்காரர்களுக்கென்றே அமைந்தது போன்ற இடம். ரெட் சீடார் என்ற செந்நிற மரத்துக்காகவும் பால்பண்ணைக்காகவும் சுற்றியிருந்த காடு முழுக்க வெட்டப்பட்ட காலத்துக்குப் பிறகும் இது தப்பியது. 1941ல் தைன் சகோதரிகள் தங்கள் தாயின் நினைவாக இதை ஊருக்குக் கொடுத்தார்கள். பாதை சமதளமாக இருக்கும், நேரமும் அதிகம் பிடிக்காது. சீக்கிரமே போனால் முயலைவிடச் சற்றுப் பெரிய, கங்காரு இனத்தைச் சேர்ந்த பேடிமெலன்கள் சருகுகளுக்கிடையே மேய்வதைப் பார்க்கலாம். எதையும் ஊட்டாதீர்கள்.

காப்பகத்துக்கு எதிரே நின்றால் கிளாஸ் ஹவுஸ் மலைகள் மொத்தமும் கண்ணுக்குத் தெரியும். சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழாய்களுக்குள் உறைந்த கற்குழம்பு அது; சுற்றியிருந்த மென்பாறை அரிக்கப்பட்டுப் போக, உறைந்த மையம் மட்டும் நிற்கிறது. இந்தப் பெயரை 1770ல் கடலிலிருந்து பார்த்து வைத்தவர் ஜேம்ஸ் குக்.

படி 4: எந்த மலையில் ஏறலாம்?

இந்தப் படியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். இந்தப் பகுதியின் பழங்குடிகளான ஜினிபரா, கபி கபி மக்களுக்கு இந்தக் கிளாஸ் ஹவுஸ் மலைகள் ஒரு குடும்பம். டிப்ரோகார்கன் தந்தை, பீர்வா தாய், கூனோவ்ரின் மூத்த மகன். கடல் பொங்கி வருவதைக் கண்ட தந்தை, கர்ப்பமாக இருந்த தாய்க்கு உதவும்படி மகனிடம் சொல்லிவிட்டு மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகர்கிறார். மகனோ தாயை விட்டுவிட்டு ஓடுகிறான். கோபத்தில் தந்தை தடியால் அடிக்க, அவன் கழுத்து கோணிப்போகிறது. கூனோவ்ரின் மலையின் உச்சியைப் பார்த்தாலே கதை விளங்கிவிடும்.

556 மீட்டர் உயரமுள்ள பீர்வாதான் இவற்றில் பெரியது. அதிலும் டிப்ரோகார்கனிலும் ஏற வேண்டாம் என்று இந்த மண்ணின் மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பாதை திறந்திருந்தாலும் ஏறாதீர்கள் என்பதே என் கருத்தும். ஒரு குடும்பம் தன் தாயின் மேல் ஏறாதே என்று சொன்ன பிறகு விவாதிக்க என்ன இருக்கிறது? தவிர, இரண்டுமே செங்குத்துப் பாறைகள்; பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றவையும் அல்ல. கூனோவ்ரின் பாறைச் சரிவு அபாயத்தால் மூடப்பட்டிருக்கிறது.

உங்களுக்கான மலை நுங்குன். உயரம் 253 மீட்டர், போய்வர 2.8 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். கடைசிப் பகுதி செங்குத்தானது, உச்சியில் கைப்பிடிக் கம்பி கிடையாது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பாறை ஈரமாக இருந்தால் அன்று வேண்டாம், விட்டுவிடுங்கள். பிடிமானமுள்ள ஷூ, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். மேலே போனால் டிப்ரோகார்கனும் பீர்வாவும் இரு பக்கத்திலும் தெரியும்.

படி 5: அருவிகள்

மான்ட்வில்லுக்கு அருகே கொண்டலில்லா. 90 மீட்டர் அருவி, 4.7 கிலோமீட்டர் சுற்றுப்பாதை. இறங்கும்போது எளிதாகத் தெரியும். திரும்பும்போது அத்தனை படியும் ஏற வேண்டும். அருவிக்கு மேலே உள்ள பாறைக் குளத்தில் நீந்தலாம். தலைகீழாகக் குதிக்கவே கூடாது, நீருக்கடியில் பாறை இருக்கும். நடக்க இயலாத பெரியவர்கள் உடன் வந்தால் மேப்பிள்டன் அருவிக்குக் கூட்டிப்போங்கள். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே பார்வை மேடை இருக்கிறது.

காட்டுக்குள் மூன்று விஷயத்தில் கவனம். அட்டை கடித்தால் ஆபத்தில்லை. உண்ணி அப்படியல்ல, நடந்து வந்ததும் காதின் பின்புறம், அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். இதய வடிவத்தில் அகன்ற, மென்ரோம இலையுள்ள ஜிம்பி-ஜிம்பி செடியைத் தொடவே தொடாதீர்கள். நம் காஞ்சொறியின் அரிப்பு அதன் முன் ஒன்றுமே இல்லை, வலி மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரலாம். பாதையை விட்டு விலகாமல் நடந்தாலே பெரும்பாலும் தப்பிவிடலாம். அவசர எண் 000. பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது, ஆகவே எங்கே போகிறீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 6: ஊர்கள்

மலேனியில் மேப்பிள் தெருவின் கூட்டுறவுக் கடையில் சுற்றுவட்டாரக் காய்கறி கிடைக்கும். ஊரையொட்டி ஓபி ஓபி ஓடையில் விடியலிலும் அந்தியிலும் வாத்து அலகு கொண்ட நீர்வாழ் பாலூட்டியான பிளாட்டிபஸ் தெரியும். பத்து நிமிடமாவது பேசாமல் நில்லுங்கள். கெனில்வொர்த் போனால் பாலாடைக்கட்டி. யூமண்டி சந்தை புதன், சனி மட்டுமே, அதற்கேற்ப நாளைத் திட்டமிடுங்கள். பல காபிக் கடைகள் பிற்பகலிலேயே அடுப்பை அணைத்துவிடும், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

வழியில் கோபுரம் போல் உயர்ந்த புன்யா ஊசியிலை மரங்களைக் கவனியுங்கள். அதன் காய் பத்து கிலோ வரை கனக்கும். ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அமோகமாகக் காய்க்கும்போது, தொலைதூரங்களிலிருந்து பழங்குடிக் கூட்டங்கள் இந்த மலைகளில் கூடி உண்டு, பேசித் தீர்த்து, மணம் பேசியிருக்கின்றன. 1842ல் ஆளுநர் கிப்ஸ் புன்யா காடுகளில் குடியேற்றத்தையும் மரம் வெட்டுவதையும் தடுத்து ஆணையிட்டார். 1860ல் அது நீக்கப்பட்டது. காய்கள் விழும் ஜனவரி முதல் மார்ச் வரை அந்த மரத்தடியில் காரையும் நிறுத்தாதீர்கள், உட்காரவும் செய்யாதீர்கள்.

படி 7: கால் பழகிய பிறகு

இவை எளிதாக முடிந்தால், அடுத்த முறை 58.8 கிலோமீட்டர் நீளமுள்ள சன்ஷைன் கோஸ்ட் ஹின்டர்லேண்ட் கிரேட் வாக் பாதையை யோசியுங்கள். நான்கு நாள் நடை, இரவுகளில் காட்டு முகாம். முகாம் இடங்களை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். சமையல் அடுப்பும் கூடாரமும் நீங்களேதான் சுமக்க வேண்டும்.