வலசைப் பறவைக்குத் தானியம் வேண்டாம்: பெங்களூரு வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த்தட்டு அமைக்கும் முறை

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, வசந்தம் பிறந்ததும் தானியக்கூண்டைத் தொங்கவிட்டால் வலசைப் பறவைகள் திரும்பி வரும் என்று நம்பி, பானஸ்வாடியில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் கம்பும் தினையும் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றைத் தொங்கவிட்டேன். ஒரே வாரத்தில் தெருவிலுள்ள புறாக்கள் அனைத்தும் எங்கள் மாடியில் குடியேறின. துணிக்கொடியைச் சுட்டிக்காட்டி வீட்டுக்காரர் பேசியதை இங்கே எழுத இயலாது.

பிழை என்னுடையதுதான். நம் ஊருக்கு வலசைப் பறவைகள் வருவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். அவை வடக்கே திரும்புவது மார்ச், ஏப்ரலில். வசந்தத்தில் நாம் செய்வது வரவேற்பு என்பதைவிட வழியனுப்புதல் என்றே சொல்லலாம். தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு நம் ஊர் வழியாகத் திரும்பிச் செல்லும் பறவைகளும் அப்போது இங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. மேலும், வீட்டுத் தோட்டத்துக்கு வரும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை பூச்சியுண்ணிகள். பச்சைக் கதிர்க்குருவி, சாம்பல் வாலாட்டி, அரசவால் ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி ஆகிய எவையும் தினையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு நாம் தரக்கூடியவை தண்ணீர், நிழல், மருந்தடிக்காத செடி ஆகியவையே.

முதலில் தட்டு. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண்தட்டு போதும். பளபளப்பான பீங்கானும் எவர்சில்வரும் வழுக்கும். ஆழம் ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ. அளவைத் தாண்டக்கூடாது. விரல் நீளமே உள்ள கதிர்க்குருவி நின்று குளிக்க வேண்டுமென்பதால், ஒரு பக்கம் கூழாங்கற்களைச் சரிவாக அடுக்கிவிடுங்கள். இதற்கு அதிகத் தண்ணீர் செலவாகாது. மறுநாள் மாற்றும் பழைய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

அடுத்து இடம். இதில்தான் பலர் தவறுகிறார்கள். புதருக்குள்ளேயே தட்டை வைத்தால் பூனை பதுங்கியிருக்கும். வெட்டவெளியில் வைத்தால் சிறு பறவைகள் அஞ்சி இறங்கா. புதரிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி, இடுப்பளவு உயரத்தில், காலை வெயில் பட்டு நண்பகலில் நிழல் விழும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். அருகில் பெரிய கண்ணாடிச் சன்னல் இருந்தால், அதன் வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் காகிதப் பட்டைகளை ஒட்டிவையுங்கள். கண்ணாடியில் தெரியும் வானத்தை உண்மை வானமென்று நம்பிப் பறவைகள் மோதுகின்றன.

தட்டுக்கு மேலே, அடியில் ஊசித்துளை இட்ட ஒரு பழைய கேனைக் கட்டித் தொங்கவிட்டால், சில நொடிகளுக்கு ஒரு சொட்டு விழும். என் அனுபவத்தில் தண்ணீரைவிட அந்தச் சொட்டுச் சத்தமே பறவைகளை அழைக்கிறது. கேனைத் தொங்கவிட்ட மூன்றாம் நாள் காலையில், முருங்கைக் கிளையிலிருந்து ஒரு பச்சைக் கதிர்க்குருவி படிப்படியாக இறங்கி வந்து, கூழாங்கல்லின்மேல் நின்று, ஒவ்வொரு சொட்டு விழும்போதும் பின்வாங்கி, பிறகு மார்பை நனைத்துச் சிலிர்த்ததை அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோப்பில்லாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் அளவுக்கு ஆகும் என்பதால், இப்படிச் செய்பவர்கள் டெங்குவை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

இனி உணவு. முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, இட்லிப்பூ ஆகியவற்றில் எது உள்ளதோ அதை மருந்தடிக்காமல் விட்டாலே போதும். இலையடியில் திரியும் சிறு பூச்சிகள்தான் கதிர்க்குருவியின் சாப்பாடு. ஒரு கதிர்க்குருவி குளிர்காலம் முழுவதும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, பிற கதிர்க்குருவிகளை விரட்டிக் காக்கும் இயல்புடையது. ஆகவே உங்கள் முருங்கையில் தினமும் ஒலிப்பது பெரும்பாலும் ஒரே பறவையின் குரலாகவே இருக்கும். இடமிருப்பவர்கள் சிங்கப்பூர் செர்ரி ஒன்றை நடலாம்; அதன் பழத்துக்கு மாங்குயிலும் வரும். கொல்லையின் ஒரு மூலையில் மட்டுமாவது சருகைப் பெருக்காமல் விடுங்கள். ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டித்தான் இரை தேடும். இதற்கு அம்மாவைச் சம்மதிக்கவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அமாவாசையன்று காக்கைக்கு வைக்கும் சோற்றை அந்த மூலையில் வைப்பதில்லை என்பது அவர் போட்ட நிபந்தனை.

இந்தப் பறவைகளில் பல இரவில் பயணம் செய்பவை. ஆகவே வலசை மாதங்களில் மாடியிலும் கொல்லையிலும் தேவையற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். சோர்ந்து விழுந்த பறவை கிடைத்தால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். அலகில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிறகு பறவை மீட்பு மையத்தை அழையுங்கள்.

முதலில் கண்ட நாளையும் கடைசியாகக் கண்ட நாளையும் நாட்காட்டியில் குறித்து, கண்ட பறவைகளைப் பதிவுசெய்ய உதவும் ஈபேர்ட் (eBird) செயலியிலும் பதிவிடுங்கள். ஏப்ரல் இறுதியில் முருங்கையில் கதிர்க்குருவியின் குரல் சில நாள் தொடர்ந்து கேட்கவில்லையென்றால், அது புறப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். தட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மே மாத வெயிலில் கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் அதற்கு வரிசையில் நிற்கும்.