நடுக்கவாதம்: காரணத்தைச் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் தேடாதீர்கள்

வீட்டில் ஒருவருக்கு நடுக்கவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், என்று டாக்டர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதைச் சாப்பிட்டால் எங்களுக்கு வராது?" என்பதுதான். கவலை நியாயமானது. ஆனால் பினாங்கில் நம் குடும்பங்கள் பலவும் பதிலைத் தப்பான இடத்தில் தேடுகின்றன.

முதலில் காப்பி. தினமும் காப்பி குடிப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஹவாயில் எட்டாயிரம் ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2000-இல் வெளியான ஆய்வு அவற்றில் முக்கியமானது. அங்கே பேசப்பட்டது கஃபீன். கடையில் கெட்டிப்பால் தாராளமாக ஊற்றித் தரும் கோப்பியை நாளுக்கு நான்கு கிளாஸ் குடித்தால் உடம்பில் சேர்வது சர்க்கரைதான். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நீரிழிவு உள்ளவர்களுக்கு நடுக்கவாத ஆபத்தும் சற்றுக் கூடுதல் என்று பெரிய ஆய்வுகள் சில காட்டுகின்றன. பாலும் சர்க்கரையும் சேர்க்காத கோப்பி ஓ கோசோங் பழக்கம் இருந்தால் தொடருங்கள். பழக்கம் இல்லாதவர் நோய்க்குப் பயந்து புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

சிகரெட் பிடிப்பவர்களிடமும் இதே போக்கு தெரிவது உண்மை. அதைச் சொல்லிப் புகைப்பதை நியாயப்படுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நுரையீரலும் இதயமும் போன பிறகு எதைக் காப்பாற்றப் போகிறோம்?

பால் அதிகம் குடித்த ஆண்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடியிருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக மோரையும் தயிரையும் ஒதுக்கத் தேவையில்லை.

நாம் உண்மையில் கவனிக்கத் தவறுவது களைக்கொல்லியை. தோட்டப்புறத்தில் மருந்து அடித்த அம்மாக்கள், பாட்டிகள் நம்மில் பலருக்கு உண்டு. முதுகில் சுமந்த பம்பின் மூடி இறுகாமல் கசியும். சட்டை நனையும். நனைந்த சட்டையோடே உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டவர்கள் அவர்கள். அப்போது அதிகம் அடிக்கப்பட்டவற்றில் பாராகுவாட்டும் ஒன்று. உடல் அசைவைச் சீராக வைக்கும் வேதிப்பொருள் டோபமைன்; நடுக்கவாதத்தில் அழிவது அதைச் சுரக்கும் மூளை உயிரணுக்கள்தான். சோதனைக்கூட விலங்குகளில் பாராகுவாட் அதே உயிரணுக்களைச் சிதைக்கிறது. பாராகுவாட்டோடு புழங்கிய மனிதர்களிடமும் நடுக்கவாதம் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. தோட்டப் பெண்களின் உடல்நலத்துக்காகத் தெனகானிதா போன்ற அமைப்புகள் நெடுங்காலம் குரல் கொடுத்தன. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட்டுக்கு முழுத் தடை.

தடை வந்துவிட்டதே, சரி, முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. கொல்லைப்புற ஸ்டோரில் பழைய போத்தல் கிடக்கிறதா என்று பாருங்கள். வேறு களைக்கொல்லி அடித்தாலும் கையுறை, நீளச் சட்டை வேண்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும்போது எத்தனை வருடம் மருந்து அடித்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அப்புறம், பயிருக்கு அடித்த மருந்துக்குப் பயந்து கீரை காய்கறியை விடுவதும் தப்பு. நன்றாக அலசிச் சாப்பிடுங்கள். காய்கறி, பருப்பு, மீன் நிறைந்த உணவை உண்பவர்களுக்கு ஆபத்து குறைவாக இருப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன.

இன்னொன்று உடற்பயிற்சி. பென்ஷன் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறோம். நடு வயதிலேயே வியர்க்க வியர்க்க உடம்பை அசைத்தவர்களுக்குத்தான் நோய் குறைவாக வந்திருக்கிறது. தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் வேகமாக நடக்கலாம். வீட்டு வேலை, கடைக்கு நடந்து போய் வருவதும் கணக்கில் சேரும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட் வாரை மாட்டாமல் போகாதீர்கள்; தலையில் பலத்த அடி பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தீராத மலச்சிக்கல், சாம்பிராணி வாசனைகூடத் தெரியாத மூக்கு, தூக்கத்தில் கனவோடு கையை வீசி உதைப்பது எல்லாம் வரலாம். மலச்சிக்கல் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது பலருக்கும் உண்டு. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் "வயதாகிவிட்டது" என்று ஒதுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பூனைக்காலிப் பொடி நோயை வராமல் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் தகவலை நம்பி வாங்காதீர்கள். அந்த விதையில் இருப்பது லெவோடோபா, நோயாளிக்குக் கொடுக்கும் அதே மருந்து. வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் பொடியும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு மிஞ்சி, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, தானாகக் கைகால் முறுக்குவது எல்லாம் வரக்கூடும்.

நோயாளிகள் பலர் லெவோடோபா மாத்திரையையும் பசியாறும்போது ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரிக் எல்லாவற்றோடும் சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். புரதம் லெவோடோபாவோடு போட்டியிடுவதால் மருந்து தாமதமாக அல்லது குறைவாகவே வேலை செய்யும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்கச் சொல்வார்கள். குமட்டினால் வெறும் பிஸ்கட் ஒன்று போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருந்தகத்தில் கேட்டு, மாத்திரைப் பெட்டியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.