சிடுமூஞ்சி என்று சொல்லும் முன் ஒரு 40 பக்க நோட்டு

என் மகளுக்கு 11 வயதானபோது வீட்டில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்றே பெயர் வைத்துவிட்டோம். சீப்பு காணவில்லை என்றால்கூடக் கதவு படாரென்று சாத்தப்படும். மனநல மருத்துவரிடம் போனேன். "வாரத்துக்கு எத்தனை தடவை?" என்றார். "எப்பவுமே டாக்டர்." "அது எண்ணிக்கை இல்லையேம்மா."

அன்று வாங்கினேன் ஒரு 40 பக்க நோட்டு. நீங்களும் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். கோபம் வரும்போதெல்லாம் ஒரு வரி: மணி, சற்று முன் நடந்தது, எத்தனை நிமிடம், எந்த இடம், முந்தைய இரவுத் தூக்கம். "அடங்காமல் ஆடினாள்" என்று எழுதாதீர்கள்; "பென்சிலை வீசினாள், 10 நிமிடம் அழுதாள்" என்று எழுதுங்கள். என் முதல் பக்கம் முழுக்க என் கோபம்தான் இருந்தது, கிழித்துப் போட்டேன். கடைசியில் 9 தடவையில் 7, அவள் 11 மணிக்கு மேல் தூங்கியதற்கு மறுநாள்.

அதைவிட முக்கியம், கத்தி அடங்கிய பிறகு மீதி நாள் எப்படிப் போனது என்பது. சட்டென்று மூண்டு அணைகிற கோபம் வேறு, நாளெல்லாம் உள்ளே புகைகிற எரிச்சல் வேறு. இரண்டாவது நமக்குப் பழகிப்போய்விடும். ஆனால் பிள்ளைகளின் மனச்சோர்வு சோகமாகத் தெரியாமல் இப்படி எரிச்சலாகவே வெளிப்படலாம்.

பிள்ளைகளின் எரிச்சலை அளக்க ஏஆர்ஐ என்று 7 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. 'நீண்ட நேரம் கோபமாகவே இருப்பேன்' என்ற வரிக்கு நான் 'இல்லை' போட்டிருந்தேன். அவள் 'நிச்சயமாக உண்மை' போட்டிருந்தாள். கதவுச் சத்தம் கேட்ட எனக்கு அது கேட்கவே இல்லை.

பள்ளியிலும் விசாரியுங்கள். கடுமையான வெடிப்பு வாரத்துக்கு 3 தடவைக்குக் குறையாமல், இடையிலும் சிடுசிடுப்பு ஓயாமல், ஒரு வருடமாக, வீடு, பள்ளி, நண்பர்கள் என்ற மூன்றில் இரண்டு இடங்களிலாவது இருந்தால் அதை மருத்துவர்கள் தனிக் கோளாறாகவே பார்ப்பார்கள். 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டில்தான் அது சேர்ந்தது. 6 வயதுக்கு முன் அந்தக் கோளாறு என்று முடிவு செய்வதில்லை. சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ நோட்டெல்லாம் அப்புறம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாவது வாரம் நோட்டைத் திறந்தால் அவள் கையெழுத்து: "அம்மா. காலை 7.10. சாவி காணவில்லை. 4 நிமிடம்."