பழைய டிரக்குக்கு வீட்டிலேயே ஹெடர் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலெட் சி10 பிக்கப் டிரக்கை வீட்டுக் கொட்டகையில் வைத்துப் புதுப்பிப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களில் பலருக்கு, 350 கன அங்குல வி8 எஞ்சினின் எரிந்த வாயுவை வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் குழாய்களாலான ஹெடரைத் தாங்களே செய்து மாட்ட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இந்த வண்டிக்கு ஆயத்த ஹெடர்கள் கடையிலேயே கிடைக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்டியரிங் அமைப்பு மாற்றப்பட்டிருந்தாலோ, எஞ்சின் இடம் பெயர்ந்திருந்தாலோ, ஆயத்த ஹெடர் எதுவும் பொருந்தாத நிலை இருந்தாலோ மட்டுமே சொந்தமாகச் செய்யும் உழைப்புக்குப் பொருள் உண்டு. அப்படி இறங்குபவர்கள் வெல்டிங் சரியாக வராததால்தான் தோற்கிறார்கள் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. என் கணிப்பில், கெட்டுப்போகும் ஹெடர்களில் பெரும்பாலானவை முதல் பொறி பறப்பதற்கு முன்பே, குழாயின் வழியைத் தீர்மானிக்கும் கட்டத்திலேயே கெட்டுவிடுகின்றன.

காலியான எஞ்சின் அறையில் வைத்து அளவெடுப்பதே இந்தக் கட்டத்தில் நேரும் மிகப் பெரிய தவறு. வெறும் பிளாக்கும் ஹெட்டும் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது இரு பக்கமும் தாராளமாக இடம் இருப்பதுபோல் தோன்றும். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்டியரிங் தண்டு, கிளட்சை இயக்கும் நெம்புகோல், ஆயில் ஃபில்டர், டிப்ஸ்டிக் குழாய், பிரேக் குழாய்கள் ஆகியவை ஒவ்வொன்றாக வந்து சேரும்போதுதான், அழகாக வளைத்து ஒட்டிய குழாய் எதன் மேலாவது இடித்துக்கொண்டு நிற்பது தெரியவரும். ஆகவே எல்லா உதிரிகளையும், பழையதாகவோ பழுதானதாகவோ இருந்தாலும், அவற்றின் இடத்தில் பூட்டிவிட்டே அளவெடுக்கத் தொடங்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை மட்டும் மாட்டினால் போதாது. அவற்றின் ரப்பர் உறைகளையும் வயர்களையும் மாட்டி, பிளக் ஸ்பேனர் உள்ளே நுழைந்து திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நகராமல் நிற்கும் எஞ்சினை வைத்து இடைவெளி விடுவது இதே வகையைச் சேர்ந்த இன்னொரு தவறு. இந்த எஞ்சினின் கிராங்க் தண்டு முன்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றுவதால், வேகத்தை அழுத்தும்போது எதிர்விசையில் எஞ்சினின் ஓட்டுநர் பக்கம் மேலே எழும்புகிறது. ரப்பர் தாங்கிகள் தளர்ந்த பழைய வண்டியில் இந்த அசைவு கண்ணாலேயே காணக்கூடிய அளவுக்கு இருக்கும். தாங்கிகளை முதலில் புதிதாக மாற்றிவிட்டு, அசையும் குழாய்க்கும் அசையாத சேசிஸுக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவே குறைந்தது 12 முதல் 20 மி.மீ. வரை இடைவெளி விடுவது நல்லது.

வண்டியில் மாட்டிய நிலையிலேயே ஒரு பக்கத்து நான்கு குழாய்களையும் ஒட்டி முடித்துவிட்டு, அதன்பின் கழற்ற முடியாமல் திகைப்பவர்களும் உண்டு. எஞ்சினைத் தூக்கினால்தான் ஹெடர் வெளியே வரும் என்றால், ஒரு கேஸ்கெட் மாற்றுவதற்கும் எஞ்சினைத் தூக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு குழாயையும் தற்காலிகமான சிறு டேக் ஒட்டுகளால் நிறுத்தியவுடன் மொத்தத்தையும் ஒரு முறை கீழ்வழியாக வெளியே எடுத்து, மீண்டும் ஏற்றிப் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் அந்தச் சலிப்புக்கு மாற்றுவழி கிடையாது. குழாய், எஞ்சினோடு போல்ட் போட்டுப் பூட்டும் தட்டான பிளேஞ்சை விட்டுக் கிளம்பியவுடனேயே வளைந்தால் போல்ட்டின் தலையை மறைத்துவிடும் என்பதால், பூட்டும் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே முதல் வளைவைத் தீர்மானிக்க வேண்டும்.

குழாயின் அளவில் பேராசையும் வேண்டாம். சாலையில் ஓடும் 350 எஞ்சினுக்கு 1⅝ அங்குலம் வெளிவிட்டமுள்ள குழாய் போதுமானது. 1⅞ அங்குலக் குழாய் பார்வைக்குப் பலமாகத் தெரிந்தாலும், குறைந்த சுற்றில் வாயுவின் வேகத்தைக் குறைத்து, பாரம் இழுக்கும் வண்டிக்குத் தேவையான தொடக்க இழுவையைக் கெடுத்துவிடும்.

நான்கு குழாய்களின் நீளத்தையும் மில்லிமீட்டர் பிசகாமல் சமப்படுத்த வாரக்கணக்கில் போராடுவதும் வீண் என்றே நினைக்கிறேன். இந்த எஞ்சின் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் எரிகிறது. ஒற்றைப்படை சிலிண்டர்கள் ஓட்டுநர் பக்கத்தில் உள்ளன. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 1, 3, 5, 7 என்ற வரிசையில் 270, 180, 90, 180 பாகை இடைவெளிகளில் வாயு வெளியேறுகிறது. அதாவது 5-ஆம் சிலிண்டரும் 7-ஆம் சிலிண்டரும் ஒன்றன் முதுகில் ஒன்றாகத் தள்ளுகின்றன. துடிப்புகளே சீராக இல்லாதபோது, குழாய்களுக்கிடையே சில சென்டிமீட்டர் வேறுபாடு இருப்பதால் சாலை வண்டிக்கு உணரத்தக்க இழப்பு ஏதும் வராது. நான்கு குழாய்களும் ஒன்றுசேரும் கலெக்டரில் அவற்றை எரியும் வரிசைப்படி வட்டமாக அடுக்க முடிந்தால் அடுக்கலாம். அதற்காக பிளக்கை எட்டும் வழியை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகளில் சில உயிருக்கே ஆபத்தானவை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. வெல்டிங் வெப்பத்தில் எழும் துத்தநாகப் புகை குளிர்காய்ச்சலை உண்டாக்கும். குளோரின் சேர்மம் கலந்த பிரேக் கிளீனரால் குழாயைத் துடைத்துவிட்டு வெல்டிங் செய்தால், ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உருவாகக்கூடும். மாதிரி பார்ப்பதற்கு பி.வி.சி. குழாய்த் துண்டுகளைப் பயன்படுத்துவது நல்ல உத்தி. ஆனால் டேக் வைக்கும் முன் அவற்றை அப்புறப்படுத்திவிட வேண்டும். பழகாத கைக்கு 1.25 மி.மீ. தடிமனுள்ள 18 கேஜ் குழாய் எளிதில் ஓட்டையாகிவிடும் என்பதால், 1.65 மி.மீ. தடிமனுள்ள 16 கேஜ் சாதா எஃகுக் குழாயே ஏற்றது.

துருப்பிடிக்காத எஃகு வேண்டும் என்பவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். வெல்டிங் நடக்கும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயு நிரம்பியிருக்க வேண்டும். இல்லையெனில் உள்தையல் கறுத்துப் பொருக்குத்தட்டி, பின்னர் அங்கேயே விரிசல் விடும். அத்துடன், 500 பாகை செல்சியஸ் சூடேறினால் ஒரு மீட்டர் சாதா எஃகு ஏறத்தாழ 6 முதல் 7 மி.மீ. வரை நீளும்போது, 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு 9 மி.மீ. அளவுக்கு நீளும். இந்த நீட்சிக்கு இடம் தராமல் ஹெடரையும் சைலன்சர் குழாயையும் ஒரே இறுக்கமாக ஒட்டிவிட்டால், எங்கேனும் ஓரிடத்தில் தையல் பிளக்கும். கலெக்டரைக் கழற்றக்கூடிய இணைப்பாக வைத்து, அதற்குப் பின்னால் உள்ள குழாயின் எடையைத் தனித் தாங்கியில் தொங்கவிட வேண்டும்.

டேக் ஒட்டுகளை மட்டும் வண்டியில் வைத்துவிட்டு, முழு வெல்டிங்கை மேசையில் செய்ய வேண்டும். பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது நெடுநேரம் பொறி பறக்கவிடுவது அறிவுடைமையாகாது. அந்தச் சிறு ஒட்டுகளுக்குக்கூட பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். மேசையில் பிளேஞ்சைத் தனியாக விட்டால் வெப்பத்தில் வாழைப்பழம்போல் வளைந்துவிடும். அதைத் தடித்த எஃகுத் தகட்டிலோ உபயோகமற்ற பழைய ஹெட்டிலோ போல்ட் போட்டு இறுக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்ந்து ஒட்டாமல் இடம் மாற்றி மாற்றி ஒட்டி, முழுவதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அப்போதும் சிறு கோணல் இருந்தால் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்து, முகத்தைச் சமமாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

மாட்டிய பின்னும் கவனிக்க வேண்டியவை உள்ளன. பழைய மேனிஃபோல்டின் வெப்பத்தை நம்பியிருந்த சோக், ஹெடர் வந்தபின் சரியாகத் திறக்காமல் தகராறு செய்யலாம். மின்சாரச் சோக்குக்கு மாறுவது அதற்கு எளிய தீர்வு. வாயு தடையின்றி வெளியேறுவதால் கலவையில் பெட்ரோல் போதாமல் போகலாம் என்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் சரிபார்க்க வேண்டும். சாதா எஃகு ஹெடரின்மேல் வெப்பத்துணியைச் சுற்றுவது ஈரத்தைப் பிடித்துவைத்து அரிப்பைத்தான் விரைவுபடுத்தும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சின் நன்றாக ஆறியதும் பிளேஞ்ச் போல்ட்டுகள் அனைத்தையும் மீண்டும் இறுக்க வேண்டும்; அடுத்த சில ஓட்டங்களுக்குப் பின்னும் அவை சற்றே தளர்ந்திருக்கும்.