தக்காளி வயலில் களை: முதல் 30 நாள் வேலை

தக்காளி நட்ட பத்தே நாளில் சாரணைக் களை நாற்றை மூடத் தொடங்கிவிடும். அப்போது அசந்துவிட்டால், பிறகு போடும் உரத்தைக் களைதான் தின்னும்.

நடவுக்கு இரண்டு வாரம் முன்பே நிலத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். முளைத்து வரும் களையை உழுது மடக்கிவிடுங்கள். மருந்துச் செலவு இல்லாத இந்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது களைக்கொல்லி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளிக்குப் பரிந்துரைப்பது பெண்டிமெத்தலின், ஹெக்டேருக்கு 1 கிலோ செயல்பொருள் (மருந்தில் களையைக் கொல்லும் பகுதி). கடையில் கிடைக்கும் 30 ஈசி (30 சதவீதம் செயல்பொருள் உள்ள) மருந்தில் ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில். 10 லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு 65 மில்லி வரும். ஒரு டேங்க் 5 சென்ட் இடத்துக்குச் சரியாகத் தீர வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை அடித்துப் பழகுங்கள்.

நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் (நாற்று வேர்பிடிக்க விடும் தண்ணீர்) விட்டபின், மண் ஈரமாக இருக்கும்போதே அடியுங்கள். விசிறி நாசிலைத் தரைக்கு அருகில் பிடித்து, நாற்றின் மேல் படாமல், பின்னோக்கி நடக்க வேண்டும். மருந்து மண்ணின் மேல் ஒரு படலமாக நிற்கிறது. மிதித்தால் அது கலைந்துவிடும். கையுறை அவசியம். இதன் மஞ்சள் கறை விரலில் பட்டால் எளிதில் போகாது. இந்த மருந்து முளைக்கும் விதையைத்தான் கொல்லும். வளர்ந்து நிற்கும் களையை ஒன்றும் செய்யாது.

தெளிப்பான் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். நெல்லுக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்த டேங்கை இரவல் வாங்கி, சரியாகக் கழுவாமல் தக்காளிக்குப் பயன்படுத்தினேன். மறுநாளே காம்புகள் கீழே வளைந்தன, நுனி இலைகள் முறுக்கிக்கொண்டன. அந்தப் பாத்தி தேறவே இல்லை. களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பதாம் நாள் கைக்களை. முந்தின நாள் தண்ணீர் விட்டு, மண் பதமாக இருக்கும்போது களைக்கொத்தால் கொத்துங்கள்; தண்டை ஒட்டியிருப்பதைக் கையால்தான் பிடுங்க வேண்டும். சாரணையைப் பூப்பதற்கு முன் எடுத்து வரப்பில் எறியுங்கள்.

கிழங்கிலிருந்து முளைக்கும் கோரைக் களைக்குப் பெண்டிமெத்தலின் பலிக்காது. தாளைப் பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். கருத்த கிழங்கு உள்ளேயே தங்கி, சில நாளில் ஊசிபோல மறுபடி முளை விடும். கொத்தை ஆழமாக இறக்கி, கிழங்கோடு தோண்டி எடுங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

களை எடுத்த கையோடு மேலுரம் இட்டு, செடிக்கு மண் அணைத்துவிடுங்கள்.