ஸ்போர்ட்ஸ் பிசிக்கல் ஃபார்மில் அந்த நாலு கேள்விகள்: நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் அணியில் சேர வேண்டுமென்றால் முதலில் ‘ஸ்போர்ட்ஸ் பிசிக்கல்’ என்னும் உடல் பரிசோதனையை முடித்து டாக்டரின் கையெழுத்து வாங்க வேண்டும். என் மகள் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் சேர்ந்த வருஷம் அந்த ஃபார்மை நானே நிரப்பினேன். ஆபரேஷன் இல்லை, மாத்திரை இல்லை, அலர்ஜி இல்லை. அதே வேகத்தில் அடுத்த நாலு கேள்விகளுக்கும் ‘இல்லவே இல்லை’ என்று வட்டம் போட்டுவிட்டேன். அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். கூப்பிட்டுக்கூடக் கேட்கவில்லை.

அந்த நாலும் மனநலக் கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் படபடப்பாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் தவித்தாயா, எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போனதா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்தாயா? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியும் வேறு மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு ஃபார்மில் இவை இருக்கின்றன. பிள்ளையின் மனசுக்குள் இருப்பதை நாம் ஊகித்து எழுதினால் அந்தப் பக்கத்துக்கே அர்த்தமில்லை. பிள்ளை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதும் அதே தவறுதான். டாக்டர் “அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க” என்றால் முகம் சுளிக்காமல் எழுந்து போங்கள். பள்ளி ஜிம்மில் வரிசையாக நிறுத்திப் பார்க்கும் பரிசோதனையில் அந்தத் தனிமை கிடைப்பது கஷ்டம். முடிந்தால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே போங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு பயம் உண்டு: உண்மையை எழுதினால் கோச்சுக்குத் தெரிந்துவிடும், அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். இந்த ஃபார்மில் பள்ளிக்குப் போவதற்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. விளையாடத் தகுதி உண்டா என்பதைச் சொல்லும் பக்கம் அது. கேள்வி பதில் பக்கத்தைப் பள்ளியில் கொடுக்க வேண்டியதில்லை. பல பெற்றோர் தெரியாமல் முழுக்கட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நாலு பதில்களுக்கும் போடும் மதிப்பெண் கூடினாலே விளையாட்டு நின்றுவிடும் என்பதும் இல்லை. அது நோய்க்குப் பெயர் வைப்பதல்ல, விரிவாகப் பேச வேண்டும் என்பதற்கான அடையாளம். தொடர்ந்து விளையாடிக்கொண்டே ஆலோசனை பெறும் பிள்ளைகள் நிறைய.

மதிப்பெண்ணை முழுதாக நம்புவதும் தவறு. ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை. பதற்றத்துக்கு இரண்டு கேள்வி, சோர்வுக்கு இரண்டு. ஏதாவது ஒரு ஜோடியில் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். அடுத்த வருஷம் பேனாவை மகளிடமே கொடுத்தேன். சோர்வு ஜோடியில் அவளுக்கு வந்தது 2. எல்லைக்குக் கீழேதான். ஆனாலும் டாக்டர் ஃபார்மை மூடாமல், “எதில் ஆர்வம் குறைஞ்சுது?” என்று கேட்டார். முந்தைய அக்டோபரில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுந்து எட்டு வாரம் ஓடாமல் இருந்தாள். தோழிகள் மைதானத்தில், இவள் வீட்டில். அப்போது தொடங்கியதாம். கால் எப்படி இருக்கிறது என்று நான் தினம் கேட்டேன், அதோடு சரி.

ஜூலையில் எடுக்கும் பரிசோதனை அக்டோபரில் வருவதைச் சொல்லாது. எலும்பு முறிவு, தலையில் அடிபட்ட கன்கஷன், அணியில் இடம் போவது, எடை குறைக்கச் சொல்லி அழுத்தம் – இவற்றுக்குப் பிறகு இதே நாலு கேள்விகளை மறுபடி கேட்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று: இந்த நாலு கேள்வியில் தற்கொலை எண்ணம் பற்றி எதுவும் இல்லை. சந்தேகம் வந்தால் பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அமெரிக்காவில் தற்கொலை, மனநெருக்கடி உதவி எண்ணான 988-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், மெசேஜ் அனுப்பலாம். பெற்றோரும் கூப்பிடலாம்.