விமானந்தாங்கிக் கப்பல் மாதிரி: நாள் குறிக்காமல் தொடங்காதீர்கள்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாதிரி செய்யும் கிட் பெட்டியைத் திறந்து, பசைப் போத்தலின் மூடியைத் திருகுவதற்கு முன்னரே நடந்துவிடும் தவறுதான் மிகப் பெரியது. எந்த ஆண்டின், எந்த மாதத்தின் கப்பலைச் செய்யப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். சாதாரணச் சரக்குக் கப்பலுக்கு இது பெரிய குறையாகாது. போர்க்கால விமானந்தாங்கிக் கப்பலோ ஒவ்வொரு தடவை பழுதுபார்க்கும் துறைக்குள் போய் வரும்போதும் வேறு கப்பலாகவே வெளியே வரும். பீரங்கிகள் மாறும், ராடார் ஏறும், வர்ணம் மாறும். அதன்மேல் நிற்கும் விமானங்கள் ஒரே மாதத்திற்குள் மாறிவிடும். 1941 பீரங்கியும், 1944 வர்ணமும், 1942 விமானமும் ஒரே மாதிரியில் கூடினால், எவ்வளவு நேர்த்தியாகப் பூசியிருந்தாலும் அப்படியொரு கப்பல் கடலில் ஒருநாளும் மிதந்ததில்லை.

திருகோணமலையில் இருந்து செய்பவர்களுக்கு நாள் குறிப்பது கடினமில்லை. நம் துறைமுகமே இரண்டு காலங்களைக் கையில் தருகிறது. ஒன்று, ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கிய 1942 ஏப்ரல் 9. மற்றது, பிரித்தானியக் கீழைக் கப்பற்படையும் அமெரிக்க விமானந்தாங்கியும் இங்கிருந்து சேர்ந்து புறப்பட்ட 1944 ஏப்ரல், மே மாதங்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, தேதியைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் எழும் கேள்விகளில் பாதிக்கு அந்தத் தேதியே விடை சொல்லிவிடும்.

1942 ஏப்ரல்

இங்கே பலரும் முதலில் செய்ய விரும்புவது எச்.எம்.எஸ். ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. ஆனால் 1924இல் அது சேவைக்கு வருவதற்குள் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டது. ஏறத்தாழ 183 மீட்டர் நீளம் என்பதால் 1/700 அளவில், அதாவது உண்மையின் எழுநூற்றில் ஒரு பங்கில், 26 சென்ரிமீட்டர்தான் வரும். சிறிய மேசைக்கும் புதியவர் ஒருவரின் பொறுமைக்கும் ஏற்ற அளவு. அயோஷிமா நிறுவனத்தின் 1/700 கிட் இருக்கிறது.

இந்தக் கப்பலில் அடிக்கடி காணும் தவறு, ஓடுதளம் நிறைய சோட்ஃபிஷ் என்ற பிரித்தானிய விமானங்களை நிறுத்திவிட்டு, கீழே '9 ஏப்ரல் 1942' என்று பெயர்ப்பலகை வைப்பது. எச்சரிக்கை வந்ததும் ஹேர்மிஸ் 8ஆம் திகதி இரவே திருகோணமலையை விட்டு வெளியேறியது. மறுநாள் காலை மட்டக்களப்புக்கு அப்பால், ஜப்பானிய விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து வீசிய குண்டுகளால் மூழ்கியபோது அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் உயிரிழந்ததற்கும் அந்த வெறுமைக்கும் தொடர்பு உண்டு. தன்னைக் காக்க ஒரு போர்விமானமும் இல்லாமல்தான் அது போனது. ஆகவே அந்த நாளின் ஹேர்மிஸைச் செய்பவர் ஓடுதளத்தை வெறுமையாகவே விட வேண்டும். விமானங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், போருக்கு முந்தைய ஆண்டொன்றைத் தேர்ந்தெடுங்கள். என் பார்வையில், வெறுமையான தளத்தோடு நிற்கும் ஹேர்மிஸ் அளவுக்கு உண்மையான மாதிரி வேறில்லை.

தாக்க வந்த பக்கத்தைச் செய்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளும் இங்கே வரவில்லை. வந்தவை ஐந்து: அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுய்காகு. பாறையில் மோதிச் சேதமடைந்த காகா அப்போது ஜப்பானுக்குத் திரும்பியிருந்தது. காகாவின் அடையாளத்தோடு ஒரு ஸீரோ போர்விமானத்தைத் திருகோணமலை வானில் பறக்கவிடுவது பிழை. விமானத்தின் பின்னுடலைச் சுற்றிய பட்டைகளைப் பார்த்தால் கப்பல் தெரிந்துவிடும். அகாகிக்கு ஒரு சிவப்புப் பட்டை, காகாவுக்கு இரண்டு. சோரியுவுக்கு ஒரு நீலம், ஹிரியுவுக்கு இரண்டு. ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, சுய்காகுவுக்கு இரண்டு. மாதிரியில் ஒட்டும் அடையாளங்கள் அச்சிட்ட டீகல் தாளில் ஆறு கப்பல்களின் பட்டைகளும் சேர்ந்தே இருக்கும் என்பதால்தான் கை தவறுகிறது.

இந்த ஐந்தில் அகாகி, ஹிரியு இரண்டின் கட்டளைக் கோபுரங்கள் மட்டும் இடப்பக்கம் இருந்தன. உலகின் மற்றெல்லா விமானந்தாங்கிகளையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிழைபோலத் தோன்றும். கிட்டில் ஏதோ மாறிவிட்டது என்று எண்ணிக் கோபுரத்தை வலப்பக்கம் ஒட்ட முயல்பவர்கள் உண்டு. அங்கே கிட் சொல்வதே சரி. அந்தக் கால ஸீரோவின் நிறத்திலும் கவனம் வேண்டும். அது வெள்ளை அன்று, சற்றே மஞ்சளும் பச்சையும் கலந்த வெளிர்சாம்பல். இயந்திர மூடி மட்டும் கறுப்பு.

1944: ஒரு மாதத்தில் மாறிய கப்பல்

யு.எஸ்.எஸ். சரடோகா 1944 மார்ச் இறுதியில் கீழைக் கப்பற்படையோடு சேர்ந்தது. ஏப்ரல் 19 அன்று சரடோகாவின் விமானங்களும் எச்.எம்.எஸ். இலஸ்ரியஸின் விமானங்களும் சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கின. அந்த நாளில் இலஸ்ரியஸில் இருந்தவை கோர்செயார் போர்விமானங்களும் பரக்குடா குண்டுவீச்சு விமானங்களும். அடுத்த இலக்கு ஜாவாவின் சுரபாயா. அது பரக்குடாவின் பறப்பெல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால் அவற்றை இறக்கிவிட்டு அவெஞ்சர் குண்டுவீச்சு விமானங்களை ஏற்றினார்கள். மே 17இல் இலஸ்ரியஸிலிருந்து போய்ச் சுரபாயாவில் குண்டு வீசியவை அவையே. ஏப்ரல் இலஸ்ரியஸில் அவெஞ்சரை நிறுத்தினாலும், மே இலஸ்ரியஸில் பரக்குடாவை நிறுத்தினாலும் தவறு.

சரடோகாவில் இன்னும் பெரிய பொறி இருக்கிறது. போருக்கு முன் அதன் கோபுரத்தின் முன்னும் பின்னும் இருந்த 8 அங்குலப் பீரங்கிக் கூண்டுகள் 1942இலேயே அகற்றப்பட்டு, 5 அங்குல இரட்டைப் பீரங்கிகள் ஏறிவிட்டன. பழைய கூண்டுகளோடு சரடோகாவைத் திருகோணமலைக்கு வரவழைக்கக் கூடாது. பலர் ஆசையோடு பூசும் கோணல்மாணலான கண்கட்டு வர்ணமும் அது இந்து சமுத்திரத்தை விட்டுச் சென்ற பின் அமெரிக்காவில் பூசப்பட்டதே. நம் துறைமுகத்தில் நின்ற சரடோகா கருநீலமாகத்தான் இருந்தது. பார்ப்பதற்கு எளிமையான நிறம் என்று தயங்க வேண்டாம். சற்று வெளுத்தும் உப்புப் படிந்தும் காட்டினால் அந்த நீலத்திற்குத் தனி அழகு வந்துவிடும்.

அடையாள வட்டங்களையும் தேதியோடு ஒப்பிடுங்கள். ஜப்பானியச் சூரியனோடு குழப்பம் வரும் என்பதால் கீழைக் கப்பற்படையின் விமானங்களில் நடுச் சிவப்பு நீக்கப்பட்டது. அமெரிக்கர்கள் தம் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை 1942 மே மாதமே எடுத்துவிட்டார்கள். ஐரோப்பியக் கடலுக்கான டீகலை அப்படியே ஒட்டிவிட்டு '1944 திருகோணமலை' என்று சொல்ல முடியாது.

சிறகுகள்

விமானங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் வாதாடுவது சிறகு மடிப்பைப் பற்றித்தான். தளத்தை நெருக்கமாகக் காட்ட வேண்டும் என்று எல்லா விமானங்களின் சிறகுகளையும் அறுத்து ஒரே விதமாக மேலே மடக்கி ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு விமானமும் தனக்கென ஒரு வழியில் மடியும். கோர்செயாரின் சிறகு மேல்நோக்கி மடியும். ஹெல்கற் போர்விமானம், அவெஞ்சர் இரண்டினதும் திரும்பி, உடலோடு ஒட்டிப் பின்னே போகும். பரக்குடாவும் சோட்ஃபிஷும் பின்பக்கமாக மடிபவை. 13.9 மீட்டர் அகலமான சோட்ஃபிஷ் மடிந்தபின் 5.3 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஸீரோவில் மடிவது நுனி மட்டும், பக்கத்துக்கு ஏறத்தாழ அரை மீட்டர். சரடோகாவில் இருந்த டோன்ட்லஸ் குண்டுவீச்சு விமானத்தின் சிறகுகளோ மடியவே மாட்டா. மடக்கிய சிறகோடு ஒரு டோன்ட்லஸைக் கண்டால், மாதிரி செய்தவர் ஒரு புகைப்படத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

கோர்செயாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலஸ்ரியஸின் விமானக் கொட்டகை 16 அடி உயரமே கொண்டது. மேல்நோக்கி மடிந்த கோர்செயார் சிறகு அதற்குள் நுழையாது. எனவே பிரித்தானியருக்கான கோர்செயார்களில் ஒவ்வொரு சிறகு நுனியிலும் 8 அங்குலம், அதாவது 20 சென்ரிமீட்டர் வெட்டப்பட்டது. வளைந்த நுனி சதுரமாயிற்று. 1/72 அளவில் அது பக்கத்துக்கு 2.8 மில்லிமீட்டர். வெட்டாமல் விட்டால் தூரத்திலிருந்தே தெரியும். 1/700 அளவிலோ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே வட்ட நுனியை அரத்தாளால் ஒருமுறை தட்டையாக்கிவிட்டுப் போய்விடலாம். ஒரு விவரத்துக்கு எவ்வளவு உழைப்பைக் கொடுக்கலாம் என்பதை அளவே தீர்மானிக்கட்டும்.

தளத்தில் நடப்பது

விமானங்களை அழகுக்காகச் சிதறி வைப்பது அடுத்த தவறு. புறப்படும் நேரத்தில் அவை பின்பக்கம் அணிவகுத்து நிற்கும், முன்பக்கம் ஓடுவதற்காக வெறுமையாக இருக்கும். இறங்கும் நேரத்தில் இது தலைகீழாகும். இறங்கியவை முன்பக்கம் நெருக்கி நிறுத்தப்படும், நடுவே அவற்றைக் காக்கும் தடுப்பு வேலி எழுந்திருக்கும், பின்னே இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் உயர்ந்திருக்கும். ஒரே தளத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. பறப்பு நடக்கும்போது ஜப்பானியக் கப்பல்களின் ஓரத்திலுள்ள வானொலிக் கம்பங்கள் கடல்பக்கமாகச் சாய்க்கப்படும். அவற்றை நிமிர்த்தி ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே விமானத்தை ஏவுவதாகக் காட்டினால் முரண்படும். துறைமுகத்துக்குள் நிற்கும் காட்சியானால், பிரித்தானியக் கப்பல்களின் விமானங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே சீனன்குடாவுக்குப் பறந்துவிட்டிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தாள் ஒட்டும் மோகமும் இப்போது அதிகம். லேசரால் வெட்டிய மெல்லிய மரத்தளம் அகாகிக்கு மிகப் பொருத்தம். சரடோகாவின் மரத்தளமோ நீலச் சாயம் ஏற்றப்பட்டது. மரநிறத்திலேயே விடக் கூடாது. இலஸ்ரியஸின் தளம் 3 அங்குலக் கவசத்தகடு, அதில் மரமே கிடையாது.

நம் ஊரின் காற்றும் ஈரமும்

வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வதை இங்கே அப்படியே செய்ய முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், எயார்பிரஷ் என்ற தெளிப்பானிலிருந்து புறப்படும் அக்ரிலிக் பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தொடுமுன்னரே காய்ந்து, மணல்போலச் சொரசொரப்பாகப் படியும். உலர்வைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளிகள் சேர்த்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, கிட்டவிருந்து தெளியுங்கள். அதிகாலையே அதற்கு நல்ல நேரம். மாரியில் பிரச்சினை எதிர்ப்பக்கம் திரும்பும். ஈரக்காற்றில் பூசிய லாக்கர் வார்னிஷ் பால்போல வெளுத்துவிடும். மழை கொட்டும் நாளில் இறுதிப் பூச்சைத் தொடவே வேண்டாம், ஒரு வாரம் போனாலும் போகட்டும். சூப்பர் குளூவும் ஈரத்தில் வேகமாக இறுகி, சுற்றிலும் வெண்படலம் விடும். அளவாகத் தொட்டு வைத்து, மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் ஆவி அங்கேயே தங்காது. விமானத்தின் கண்ணாடிக் கூண்டுகளுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. வெண்மையான மரப்பசை போதும்.

மாதிரிக்கான தின்னர் கிடைக்கவில்லை என்று ஹாட்வெயார் கடைத் தின்னரை வாங்குபவர்களைத் தடுக்க வேண்டும். வாகனப் பெயின்ட்டுக்கான அந்தத் தின்னர் மாதிரியின் பொலிஸ்ரைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். தூரிகை கழுவுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பித்தளையில் செதுக்கிய கைப்பிடி வேலிகள், ராடார்கள், ஏணிகள் ஆகியவை மாதிரிக்கு உயிர் கொடுப்பவை. அவற்றை வெறும் கையால் தொட்டுத் தொட்டு வளைத்துவிட்டு, கழுவாமல் பெயின்ட் அடிப்பதால்தான் பெயின்ட் செதிலாக உரிகிறது. தகட்டோடு இருக்கும்போதே சவர்க்கார நீரில் கழுவி, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி, நிறமும் பூசி, அதன் பின்னரே வெட்டி எடுங்கள். உப்புக்காற்றில் வெறும் பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும். வானொலிக் கம்பிக்கு மீன்பிடி நரம்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 0.2 மில்லிமீட்டர் நரம்பு 1/700 அளவில் 14 சென்ரிமீட்டர் தடிப்பான வடமாகிவிடும். கிட்டின் மிச்சப் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுதிரிச் சூட்டில் இழுத்தெடுக்கும் இழையே அதைவிட நன்று.

டீகலை மங்கலான பரப்பில் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்றுச் சிக்கி வெள்ளியாக மினுங்கும். முதலில் பளபளப்புப் பூச்சு, பிறகு டீகல், கடைசியில் மங்கல் பூச்சு என்ற வரிசையை மாற்றாதீர்கள். தகட்டுக் கோடுகளில் கறுப்பு மையை நிரப்புவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். 1/700 அளவில் அரை மில்லிமீட்டர்க் கறுப்புக் கோடு என்பது, உண்மையான கப்பலில் 35 சென்ரிமீட்டர் அகலமான பள்ளம்.

கடலையும் சேர்த்துச் செய்பவர்கள் நீரின் நிறத்தைப் பெட்டிப் படத்திலிருந்து எடுக்க வேண்டாம். கோணேசர் கோயிலடியில் நின்று ஒரு காலை பாருங்கள். கரையோரப் பச்சை எங்கே முடிகிறது, ஆழத்தின் கருநீலம் எங்கே தொடங்குகிறது என்பது அங்கிருந்து தெளிவாகத் தெரியும். வெளிக்கடலில் ஓடும் கப்பலுக்கு அந்தக் கருநீலமும், முன்முனையில் நீண்டு விரியும் வெண்ணுரையும் வேண்டும். உள்துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலைச் சுற்றி நுரையே இருக்கக் கூடாது.

முடிந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்குமுன் இறுதிப் பூச்சு முற்றிலும் காயட்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இடுங்கள். மேற்கு வெயில் விழும் யன்னலோரம் வேண்டாம். மரத்தால் அடித்தளம் செய்தால் கறையான் மருந்து பூசி, கப்பலை ஒட்டுவதற்கு முன் சில நாட்கள் வெளியில் உலர விடுங்கள்.